தேதி முடிந்த கூப்பன்கள்

அத்தியாயம் 5

ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூர் சோதனைச் சாவடிக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில், மகளின் பையை மடியில் வைத்துக்கொண்டு முத்தம்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுகையெல்லாம் சொந்த ஊரான கடம்பத்தூரிலேயே தீர்ந்துபோயிருந்தது.

பையைச் சற்றுமுன்தான் போலீஸ்காரர்கள் கொடுத்தார்கள். கூடவே ஓர் அறிவுரையும் கொடுத்தார்கள். "உன் பொண்ணு ஆந்திரா லாரிக்காரனோட போயிட்டாம்மா. இங்க பஸ் ஸ்டாப்புல பையை மறந்து உட்டுட்டு ஏறியிருக்கா. கட்டின புருஷனே ஒத்துக்கினான். பேசாம ஊட்டுக்குப் போ."

முத்தம்மா வீட்டுக்குப் போகவில்லை. மகளைத் தேடித் தரச் சொல்லி அழைத்து வந்திருந்த நர்மதாவைத் திரும்பிப் பார்த்தாள்.

நர்மதா திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் துப்பறியும் அலுவலகம் நடத்துபவள். அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கணக்குக் காட்டுபவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தாள். யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பாத பழக்கம் அங்கே வந்தது.

"மேடம், டீயைக் குடிங்க" என்றான் அன்புராஜ். அவளுடைய உதவியாளன், டிரைவர், சில மாதங்களில் சம்பளம் இல்லாத நண்பன். "இந்தக் கடை டீயைச் சூடா குடிச்சா டீ. ஆறிப்போனா கஷாயம்."

நர்மதா பையைத் திறந்தாள். இரண்டு சேலை, ஒரு நைட்டி, ஒரு சீப்பு. அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. மூடியைத் தூக்கியதும் துண்டுக் காகிதங்கள் பொங்கி வெளியே வந்தன. எண்ணெய், பருப்பு, சோப்பு, டீத்தூள். எல்லாம் தள்ளுபடிக் கூப்பன்கள்.

அன்புராஜ் எட்டிப் பார்த்தான். "ஓடிப் போறவங்க நகையைத் தூக்கினு ஓடுவாங்க. இவங்க துவரம்பருப்புக்குத் தள்ளுபடியைத் தூக்கினு ஓடியிருக்காங்களே!"

முத்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சிக்கோம்மா. என் வாய் அப்படி."

"அது அவ உசுரு சாமி" என்றாள் முத்தம்மா. "பள்ளிக்கூடம் போறப்பவே டீத்தூள் பாக்கெட்ல வர்ற ஸ்டிக்கரைச் சேத்து எனக்கு எவர்சில்வர் டம்ளர் வாங்கினு வந்தா. கல்யாணம் ஆனப்புறம் கூப்பனு. அதை உட்டுட்டு எங்கயும் போவமாட்டா. அந்த டப்பாவைக் காட்டித்தான் போலீஸ்காரரு என் வாயை அடைச்சாரு."

நர்மதா கூப்பன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த தேதியைப் பார்த்துப் பெஞ்சில் வைத்துக்கொண்டே போனாள். லாரிகள் உறுமின. டீ ஆறியது. டப்பா காலியான பிறகுதான் பேசினாள்.

"அம்மா, ஹெலன் காணாமப் போனது இந்த மாசம் மொத வாரம். சரியா?"

"ஆமா."

"இதுல ஒரு கூப்பன்கூட அன்னிக்குச் செல்லாது. எல்லாம் போன மாசத்தோட முடிஞ்சது. சிலது பொங்கலோட முடிஞ்சது." அவள் அன்புராஜ் பக்கம் திரும்பினாள். "கூப்பன்னா உசுரை விடற பொம்பளை, செல்றதை எல்லாம் விட்டுட்டுச் செல்லாததை மட்டும் பொறுக்கி எடுத்துகினு போவாளா?"

அன்புராஜின் கையிலிருந்த கிளாஸ் பாதி வழியில் நின்றது. "மாட்டா."

"அப்ப இந்தப் பையைக் கட்டினது ஹெலன் இல்லை. இந்த டப்பா இல்லாம அவ போவமாட்டான்னு தெரிஞ்ச ஆளு. ஆனா இதுல எது செல்லும், எது செல்லாதுன்னு தெரியாத ஆளு."

"சுருக்கமா சொன்னா, புருஷன்" என்றான் அன்புராஜ்.

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

*

கும்மிடிப்பூண்டியில் ஹெலனும் கணவன் ஸ்டீபனும் குடியிருந்தது சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்புறம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வரிசை வீட்டில். கதவு பூட்டியிருந்தது. முத்தம்மாவைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக் குணசுந்தரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அந்த லாரிக்காரன் கதையை நான் நம்பலக்கா. ஸ்டீபன் சொல்றான். நான் நம்பல."

"ஸ்டீபன் எங்க?" என்றாள் நர்மதா.

"இன்னாத்தச் சொல்றது மேடம். லோடு ஏத்துற வேலைக்கும் போறதில்லயாம். காலையில போறான், பொழுது சாய வரான். யார் மூஞ்சியையும் பாக்கமாட்டேங்கிறான். முன்னாடி எப்படி இருந்த ஆளு தெரியுமா? அவ வேலை முடிஞ்சி வர்றதுக்குள்ள உலை வச்சிருப்பான்."

நர்மதா பிஸ்கட் டப்பாவைக் காட்டினாள். குணசுந்தரியின் முகம் மாறியது.

"இது எப்படிப் பைக்குள்ள போச்சு? இது என் பேத்தியுதாச்சே! தேதி போன கூப்பனை ஹெலன் இதுல போட்டு வைப்பா. என் பேத்தி வந்து இதை வச்சிக்கினு கடை வெளையாடும்."

"செல்ற கூப்பன் எங்க இருக்கும்?"

"அரிசி டிரம்ல. கடைக்குப் போறதுக்கு முன்னாடி அரிசி எவ்ளோ கீதுன்னு பாப்பா இல்ல? அங்கேயே கையில கெடைக்கட்டும்னு வைப்பா." குணசுந்தரி தன்னிடம் இருந்த சாவியை எடுத்து வந்தாள்.

உள்ளே ஒரே அறை. அடுப்பு துடைத்து வைத்திருந்தது. டிரம்மைத் திறந்ததும், அரிசியின் மேலே ஒரு பிளாஸ்டிக் கவர் தெரிந்தது. கவருக்குள் சின்னச் சின்னக் கட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் பேண்டு.

"இவ்ளோ கூப்பன் எங்க கெடைக்குது?" என்று கேட்டான் அன்புராஜ். "எனக்கு ஒரு தடவைகூட கெடச்சதில்ல."

"உனக்கும் கெடச்சிருக்கும் தம்பி. நீ கடை வாசல்லயே தூக்கிப் போட்டிருப்ப" என்றாள் குணசுந்தரி. "ஜி.என்.டி. ரோட்டு சூப்பர் மார்க்கெட்ல பில்லுக்கு அடியிலேயே அடுத்த தடவைக்குக் கூப்பன் அடிச்சிக் குடுக்கிறான். பெரிய பெரிய வண்டியில வர்றவங்க அதைக் கசக்கி வாசல் கூடையில போட்டுட்டுப் போவாங்க. இவ வேலை முடிஞ்சி வர்றப்ப அதைப் பொறுக்கி, நீவி எடுத்தாருவா. கூட வேலை செய்யறவளுங்க குப்பைக்காரின்னு கூப்பிட்டாளுங்க. மொதல்ல நானும் சிரிச்சேன். அப்பறம் எனக்கே அவதான் எண்ணெய்க் கூப்பன் குடுத்தா. இந்த வரிசையில பாதி ஊட்ல அவ குடுத்த கூப்பன்லதான் பருப்பு வேவுது."

பேசிக்கொண்டே கட்டுகளைப் புரட்டியவள் சட்டென்று நிறுத்தினாள்.

"சத்து பவுடர் கட்டைக் காணோமே."

"அப்படின்னா?"

"பால்ல கலக்கிக் குடிப்பாங்களே, அந்தப் பவுடரு. என் மருமவ மாசமா கீறா. அவளுக்குன்னு ஹெலன் தனியா சேத்து வச்சிருந்தா. தடியா ஒரு கட்டு. நானே பாத்தேன். இப்ப அது மட்டும் இல்ல."

நர்மதா டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினாள். அரிசியைத் தவிர எதுவும் இல்லை.

"ஹெலன் எந்தக் கம்பெனியில வேலை செஞ்சா?"

"கம்பெனின்னு ஒண்ணு இல்ல மேடம். தணிகாசலம்னு ஒரு காண்ட்ராக்டர். எங்க ஆள் வேணும்னு கேக்கிறாங்களோ, அங்க வேன்ல ஏத்தினு போய் எறக்குவான்."

வெளியே வந்ததும் அன்புராஜ் குரலைத் தாழ்த்தினான். "மேடம், அந்தாளு கொன்னுட்டான். பையைக் கட்டிப் பார்டர்ல போட்டுட்டான். இனிமே நாம தேட வேண்டியது ஆளை இல்ல. ஏரியிலயா, கெணத்துலயா, முள்ளுக்காட்டுலயான்னுதான் தேடணும்."

ஆம்னி வேனின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்த முத்தம்மா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல சூப்பர் மார்க்கெட்டுக்கு விடு" என்றாள் நர்மதா.

*

பில் போடும் பெண்ணின் சட்டையில் அருணா என்று பெயர் குத்தியிருந்தது. ஹெலன் பெயரைச் சொன்னதும் அவள் கண்கள் அலைந்தன.

"ஹெலன் அக்காவைப் பத்தி ஏதோ சொல்றாங்களே, நெசமா?"

"அதைத்தான் விசாரிக்கிறோம். அவங்க வீட்டுக்காரர் இங்க வந்தாரா?"

"வர்றாரே. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை வர்றாரு. பாவம், அவருக்கு ரூலே தெரியல. மொத நாளு ஒரு கட்டு கூப்பனை அப்படியே நீட்டினாரு. ஒரு பில்லுக்கு ஒண்ணுதான் எடுப்போம்னு சொன்னேன். அக்காவா இருந்தா தனித்தனியா பில் போட்டுக்கினு மறுபடி மறுபடி லைன்ல வந்து நிப்பாங்க. இவரு ஒரு டப்பாவை வாங்கினு பேசாம போயிட்டாரு. அதான் அடிக்கடி வர்றாரு."

"இன்னா டப்பா?"

"சத்து பவுடர். கூடவே ஸ்ட்ரா பாக்கெட்டு. அப்பறம் பெரியவங்களுக்குக் கட்டுற டயபர்." அருணா யோசித்தாள். "இன்னிக்குக்கூட வரணும். போன டப்பா தீர்ந்திருக்கும்."

நர்மதா வாசலுக்கு வந்து நின்றாள். வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. அன்புராஜ் பக்கத்தில் வந்தான்.

"பொண்டாட்டியைக் கொன்னுட்டு சத்து பவுடர் குடிக்கிறானா? நல்ல மனுஷன்தான்."

"அன்பு, அந்த வீட்டுல வேற யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல. புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேருதான்."

"படுத்த படுக்கையா கெழவன் கெழவி யாராவது?"

"இல்ல. ஒரே ரூமுதானே, நாமதான் பாத்தோமே..."

"அப்ப ஸ்ட்ரா வச்சிக் குடிக்கிறது யாரு?"

அன்புராஜ் வேனைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்தம்மாகிட்ட சொல்லிடலாமா?" என்றான் மெதுவாக.

"உறுதியாத் தெரியட்டும். ஒரு தடவை பொண்ணை இழந்தாச்சு. இன்னொரு தடவை வேணாம்."

ஆனால் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. மதியம் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், ஒரு பழைய பைக் வந்து நின்றது. இறங்கியவன் பல நாளாக ஷேவ் செய்யாதவன். சட்டை அவன்மேல் தொங்கியது. உள்ளே போனான். ஒரு கவருடன் வெளியே வந்தான்.

வேன் கதவு திறந்தது. யாரும் தடுப்பதற்குள் முத்தம்மா அவன் முன்னால் போய் நின்றுவிட்டாள்.

"என் பொண்ணு எங்கடா?"

ஸ்டீபன் கையிலிருந்த கவர் நழுவி விழுந்தது. ஸ்ட்ராக்கள் தரையில் சிதறின. அவன் அவற்றைப் பொறுக்கக் குனிந்தான். குனிந்தவன் எழவில்லை. அங்கேயே, பைக்கின் நிழலில், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

"உசுரோட கீறா அத்தை" என்றான். "உசுரோடதான் கீறா."

*

வேன் ஆந்திர எல்லையைத் தாண்டும்போது அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான்.

அன்று காலை தணிகாசலம் வேனில் ஏற்றிய பெண்களைப் பழைய இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் இறக்கிவிட்டான். உலைக்குப் போகும் பழைய இரும்பைத் தரம் பிரிக்கும் வேலை. ஹெலனுக்கு அந்த வேலை புதிது. யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரும்போடு இரும்பாக, வாய் மூடிய ஒரு டப்பாவும் உலைக்குள் போனது. அது வெடித்தது. உருகிய இரும்பு தெறித்தபோது மிக அருகில் நின்றவள் ஹெலன்.

"ஆலை ரிஜிஸ்டர்ல அவ பேரே இல்லயாம் மேடம். பேர் இல்லாத ஆளுக்கு ஆக்சிடெண்டும் இல்லன்னான் தணிகாசலம். தடாவுக்கு அந்தாண்ட ஒரு நர்ஸிங் ஹோம்ல சேத்துட்டான். வேற பேரு குடுத்தான். ஊட்ல கேஸ் அடுப்பு வெடிச்சதுன்னு எழுதிட்டான். வைத்தியம் நடக்கும், நீ வாயைத் தொறந்தா அன்னிக்கே ரோட்ல தூக்கிப் போட்டுருவோம்னான்."

"லாரிக்காரன்?"

ஸ்டீபன் மாமியாரைப் பார்க்காமல் பேசினான். "அத்தை போலீசுக்குப் போயிட்டாங்க. தேட ஆரம்பிச்சா மாட்டிக்குவோம்னு தணிகாசலம் சொன்னான். ஓடிப்போன பொம்பளையை எவனும் தேடமாட்டான், அப்படியே சொல்லிடுன்னான். பையை நான்தான் கட்டினேன். அவன் டிரைவர் எளாவூர்ல போட்டுட்டு வந்தான். டப்பா இல்லன்னா அத்தை நம்பமாட்டாங்கன்னு நான்தான் அதை உள்ள வச்சேன். அதுல எது செல்லும், செல்லாதுன்னு எனக்குத் தெரியல. ஒரு நாளும் நான் அவளைக் கேட்டதில்ல."

"டிரம்ல இருந்த கூப்பன்?"

"அப்பறம் ஒரு நாள் அரிசி எடுக்கச்சொல்லோ பாத்தேன். பவுடரு நீங்கதான் வாங்கணும்னு நர்ஸ் சொன்னாங்க. வேலைக்குப் போவல, கையில ஒண்ணுமில்ல. அவ சேத்ததை எடுத்து அவளுக்கே..."

முத்தம்மா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஊரெல்லாம் என் பொண்ணைத் தேவடியான்னு பேசிச்சிடா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "சர்ச்சுல என் பக்கத்துல யாரும் உக்காரல."

அன்புராஜ் வண்டியை ஓட்டினான்.

*

நர்ஸிங் ஹோமின் கடைசி அறையில் ஒரே கட்டில். ஹெலனின் முகத்தில் பாதியையும் இரண்டு கைகளையும் வெள்ளைத் துணி மூடியிருந்தது. ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் 'சுமதி' என்று எழுதியிருந்தது.

முத்தம்மா எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றாள். பிறகு காலருகே போய், பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா" என்றாள் ஹெலன். உதடு சரியாகத் திறக்கவில்லை. "எதுல வந்த?"

"வேன்ல வந்தேம்மா."

"உனக்கு ஒடம்பு சரியில்லன்னு சொன்னாரு. இப்ப பரவாயில்லயா?"

முத்தம்மா மருமகனைத் திரும்பிப் பார்த்தாள். நர்மதா அவன் தோளைத் தொட்டாள். "நீங்களே சொல்லுங்க. வேற யாரும் சொல்லக் கூடாது."

ஸ்டீபன் சொன்னான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பையைக் கட்டியதிலிருந்து போலீசில் சொன்னது வரை ஒன்றையும் விடாமல் சொன்னான். அந்த ஒற்றைக் கண் அவனைவிட்டு நகரவில்லை.

"லாரிக்காரனோடயா?" என்றாள் ஹெலன்.

அவன் தலையாட்டினான்.

"அவனுக்கு ஒரு பேராவது வச்சியா?"

ஸ்டீபன் விம்மினான். "நீ பொழைக்கணும்னுதான் ஹெலன். வைத்தியம் நின்னுடக் கூடாதுன்னுதான்."

"தெரியும்" என்றாள் ஹெலன். "தெரியும். ஆனா என்னைக் கேட்டிருக்கலாம்."

தெலுங்கு வாடை அடிக்கும் தமிழில் நர்ஸ் குறுக்கிட்டாள். "ஜாஸ்தி பேச விடாதீங்க நைனா. அந்த காண்ட்ராக்டர் சார் யாரையும் உள்ள விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. இப்ப போன் பண்ணா நான் இன்னா சொல்றது?"

நர்மதா கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள். மழுப்பாமல் பேசினாள்.

"ஹெலன், உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. நாங்க பேசாம போயிட்டா இங்க வைத்தியம் நடக்கும். எத்தினி நாளைக்குன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. நீங்க உண்மையான பேரைச் சொன்னா இது இன்னிக்கே நின்னுடும். கீழ்ப்பாக்கம் பெரியாஸ்பத்திரியில தீக்காய வார்டு இருக்கு, காசு கேக்கமாட்டாங்க. ஆனா இந்தப் புண்ணோட அவ்ளோ தூரம் போறது ஆபத்து. அதை நான் மறைக்கல. போலீசு, கேஸுன்னு இழுக்கும். அதையும் மறைக்கல."

"வேணாம் ஹெலன்" என்றான் ஸ்டீபன். "இன்னும் கொஞ்ச நாளு. புண்ணு ஆறட்டும்."

ஹெலன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க இப்ப யாரு தரம் பிரிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

அவள் ஸ்டீபனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"மறுநாளே வேற பொம்பளைங்களை எறக்கிட்டான்" என்றான்.

"நம்ம வரிசையில இருந்தா?"

"ரெண்டு பேரு நம்ம வரிசைதான்."

ஹெலன் கண்ணை மூடினாள். முத்தம்மா பாதத்தை விடவில்லை. வெளியே வராந்தாவில் எங்கோ ஒரு போன் அடித்தது. நர்ஸ் பதற்றத்துடன் கதவைப் பார்த்தாள். அன்புராஜ் அந்தக் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். அவன் கையில் ஆம்புலன்ஸுக்கு அழைக்க எண் அழுத்தி வைத்திருந்த செல்போன் தயாராக இருந்தது. அவன் ஹெலனின் சொல்லுக்காகக் காத்திருந்தான்.

கண் திறந்தது.

"மேடம், உங்க போன்ல நான் பேசறது பதிவாவுமா?"

"ஆவும்."

"கிட்ட கொண்டாங்க. சத்தமா பேச வரல."

நர்மதா போனை அவள் வாயருகே பிடித்தாள். ஸ்டீபன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கட்டிலைச் சுற்றி வந்து, தலைமாட்டில் தொங்கிய அட்டையைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டு மாமியாருக்குப் பக்கத்தில் நின்றான்.

"உங்க பேரைச் சொல்லுங்க" என்றாள் நர்மதா.

"ஹெலன். கடம்பத்தூர் முத்தம்மா பொண்ணு." ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "நான் யார்கூடயும் ஓடிப் போவல. அன்னிக்குக் காலையில தணிகாசலம் எங்களை வேன்ல ஏத்தினான். எங்க போறோம்னு யாருக்கும் சொல்லல..."